ஏழு வருட மூட்டுவாத மாத்திரைகள்: எதை முதலில் குறைப்பது, எவ்வளவு மெதுவாக?

செம்பருத்தி:
வணக்கம். பல மாதங்களாக இங்கே வாசிக்க மட்டும் செய்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. வயது 46. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் (முடக்குவாதம்) வந்து ஏழு வருடம் ஆகிறது. வாரத்தில் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் 15 மி.கி., மறுநாள் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின், தினமும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் 200, அதோடு பிரட்னிசோலோன் 5. இந்தக் கடைசி மாத்திரையைக் "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாள் ஏழு வருடமாகிவிட்டது.

ஒரு வருடமாக வீக்கம் எங்கேயும் இல்லை. முன்பெல்லாம் காலையில் ஒரு பொத்தான் மாட்ட அரை மணி நேரம் ஆகும். இப்போது எழுந்த ஐந்து நிமிடத்தில் விரல்கள் மடங்குகின்றன. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. தொடர்ந்து மூன்று முறை இயல்பு. ஆனால் எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் தேய்மானம் தொடங்கியிருப்பதாக வந்திருக்கிறது. மாத்திரைப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம், நன்றாக இருப்பவள் எதற்கு இத்தனையையும் விழுங்குகிறேன் என்று எரிச்சலாக வருகிறது.

நிறுத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எதை முதலில் நிறுத்தினீர்கள்? எத்தனை நாள் பிடித்தது?

பழையமூட்டு:
வாருங்கள் சகோதரி. எனக்கு இந்த நோயோடு பழக்கம் 19 வருடம். நிறுத்திய அனுபவம் உண்டு. ஆனால் அதை வழிகாட்டியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எச்சரிக்கைப் பலகையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது வருடம். உங்களைப் போலவே எல்லாம் அடங்கி இருந்தது. மருத்துவரிடம் சொல்லாமல் மெத்தோட்ரெக்ஸேட்டை விட்டேன். முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது வாரமும் இல்லை. ஆறு வாரம் போனதும் எனக்குத் தலைகால் புரியவில்லை, இத்தனை வருடம் சும்மாவே விழுங்கியிருக்கிறோம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த மருந்து ஏறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும், இறங்குவதற்கும் அப்படித்தான் என்பது அப்போது தெரியாது. மூன்றாவது மாதம் வலது மணிக்கட்டு வீங்கியது. ஏதோ சுளுக்கு என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு. பழைய அளவுக்கே திரும்பியும் நோய் அடங்க ஒரு வருடம் ஆனது. வலது கையில் இரண்டு விரல்கள் இன்றும் முழுதாக நீளாது.

நிறுத்தக் கூடாது என்று சொல்ல வரவில்லை. நிறுத்தியதை மறைத்தேன் பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன்.

மருந்துச்சீட்டு:
நான் மருந்தாளுநர், மருத்துவர் இல்லை. செம்பருத்தி அவர்களே, உங்கள் பெட்டியில் நோய்க்காக இருக்கும் மூன்றும் ஒரே ரகம் இல்லை. "மருந்தைக் குறைப்பது" என்று ஒரே வார்த்தையில் பேசுவதில்தான் குழப்பமே.

மெத்தோட்ரெக்ஸேட்டும் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் நோயின் வேகத்தைக் கட்டுப்படுத்துபவை. அவற்றை நிறுத்துவதால் உடல் ஸ்தம்பித்துப் போகாது. ஆபத்து ஒன்றுதான்: நோய் திரும்புவது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் உடலில் பாதியாகக் குறையவே சுமார் 40 நாள் ஆகும். அதனால் அதை விட்டதன் விளைவு மிகத் தாமதமாகத்தான் தெரியும்.

பிரட்னிசோலோன் கதை வேறு. அது ஸ்டீராய்டு. சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, கார்டிசால் என்ற ஹார்மோனைத் தினமும் சுரக்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, காய்ச்சலைத் தாங்கும் சக்தி எல்லாவற்றுக்கும் அது வேண்டும். நாம் வெளியிலிருந்து மாத்திரையாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால், மூளை அந்தச் சுரப்பிக்கு "நீ சுரக்க வேண்டாம்" என்று சொல்லிவிடும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சும்மா இருந்த சுரப்பி சுருங்கிப் போகும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் வெளியிலிருந்தும் இல்லை, உள்ளேயிருந்தும் இல்லை. அசதி, குமட்டல், எழுந்து நின்றால் கண் இருட்டுவது, ரத்த அழுத்தம் இறங்குவது எல்லாம் வரும். முற்றினால் உயிருக்கே ஆபத்து.

உடல் ஒரு நாளில் தானாகச் சுரக்கும் கார்டிசாலுக்குக் கிட்டத்தட்ட இணையான பிரட்னிசோலோன் அளவு சுமார் 5 மி.கி. அதாவது நீங்கள் நிற்பது சரியாக அந்தப் படியில். 40-லிருந்து 10-க்கு வேகமாக இறங்கலாம். 5-லிருந்து பூஜ்யத்துக்குத்தான் நிதானம் வேண்டும். சின்ன மாத்திரைதானே, சுலபமாக விட்டுவிடலாம் என்று பலரும் நினைப்பது இங்கேதான்.

வரிசை கேட்டீர்கள். பொதுவான வழக்கம்: முதலில் ஸ்டீராய்டு. அது முழுதாகப் போய், அதற்கப்புறமும் நோய் அடங்கியே இருந்தால்தான் மற்றவற்றைப் பற்றிப் பேச்சு.

வேர்வழி:
எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். இதெல்லாம் ரசாயனம். உடல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும், நாம் விட்டால் போதும். நான் எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கிப் போட்டேன். தெரிந்தவர் கொடுத்த மூலிகைப் பொடி மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பத்தே நாளில் வலி பறந்தது. எட்டு மாதமாக நன்றாக இருக்கிறேன்.

மருந்துச்சீட்டு:
நன்றாக இருப்பதில் சந்தோஷம். ஒரே ஒரு கேள்வி: அந்தப் பொட்டலத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சிட்டிருக்கிறதா? முடக்குவாத வலி பத்து நாளில் பறந்தது என்றால் எங்களைப் போன்றவர்களுக்கு முதலில் வரும் சந்தேகம், அதற்குள் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்பதுதான். பெயரும் சேர்மானமும் இல்லாமல் விற்கும் பொடிகளில் டெக்ஸாமெத்தசோன் போன்றவை கலந்து பிடிபட்டது பல நாடுகளில் நடந்திருக்கிறது. முகம் உப்பியிருக்கிறதா, சர்க்கரை ஏறியிருக்கிறதா, தோலில் லேசாகத் தட்டினாலே கன்றிப் போகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அந்தப் பொடியையும் சட்டென்று நிறுத்தாதீர்கள். கையில் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வேர்வழி:
முகம் கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறது என்று வீட்டில் சொன்னார்கள். நலமாக இருப்பதால் என்று நினைத்தேன். சரி, பார்க்கிறேன்.

செம்பருத்தி:
மருந்துச்சீட்டு அவர்களின் பதிவைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. ஒன்றை உங்களிடம் சொல்லாமல் விட்டேன். பிரட்னிசோலோனை நான் ஏற்கெனவே நிறுத்திவிட்டேன். இன்று ஆறாவது நாள். எலும்பு அறிக்கை பார்த்த கோபத்தில் நிறுத்தினேன். நிறுத்திய பிறகுதான் இங்கே வந்து கேள்வி கேட்டேன்.

நேற்றிலிருந்து எழுந்தால் தலை சுற்றுகிறது. சாப்பிடப் பிடிக்கவில்லை. உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. இன்று காலை ஒரு முறை வாந்தி. நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து அழுதுகொண்டிருந்தேன்.

மருந்துச்சீட்டு:
இழையை மூடிவிட்டு இப்போதே உங்கள் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் கிடைக்காவிட்டால் அருகில் உள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நீங்களே வண்டி ஓட்ட வேண்டாம். முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டியது: "ஏழு வருடமாக ஸ்டீராய்டு எடுத்தேன், ஆறு நாளாக நிறுத்திவிட்டேன்." மூட்டுவலி என்று ஆரம்பித்தால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துப் போங்கள். வாந்தி நிற்கவில்லை என்றால் மாத்திரை பயன்படாது, ஊசியாகத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

பழையமூட்டு:
போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி போடுங்கள் அம்மா. நான் தூங்கப் போகவில்லை.

செம்பருத்தி:
வந்துவிட்டேன். இரண்டு நாள் ஆகிவிட்டது, மன்னியுங்கள். படுத்திருக்கும்போது ஒரு ரத்த அழுத்தம், நின்றால் வேறு ரத்த அழுத்தம், அவ்வளவு இறக்கம். சோடியமும் குறைவு. ஊசியும் சலைனும் போட்டார்கள். சில மணி நேரத்தில் யாரோ சுவிட்சைப் போட்ட மாதிரி இருந்தது. பழையபடி 5 மி.கி. ஆரம்பித்திருக்கிறார்கள்.

என் வாதநோய் மருத்துவர் திட்டுவார் என்று பயந்தேன். திட்டவில்லை. "இதைக் குறைக்க வேண்டும் என்று நானே சொல்லியிருக்க வேண்டும், ஏழு வருடம் தள்ளிப்போட்டது என் தவறும்தான்" என்றார். சேர்ந்தே குறைப்போம் என்று சொல்லியிருக்கிறார். 1 மி.கி. மாத்திரைகளாக எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு மாதத்துக்கு ஒரு மில்லிகிராம் வீதம் இறக்கம். முக்கியமாக ஒன்று கேட்டார்: "மூட்டு வீங்கியதா?" யோசித்துப் பார்த்தேன். உடம்பெல்லாம் வலித்ததே தவிர ஒரு மூட்டும் வீங்கவில்லை. அழுதது நோய் வந்துவிட்டது என்று. வந்தது நோயே இல்லை.

கைத்தடி:
அந்தக் கேள்வியை நான் மாத்திரைப் பெட்டியின் மூடியிலேயே ஒட்டி வைத்திருந்தேன். 7.5-லிருந்து பூஜ்யம் வரை வர எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. என் அனுபவத்தைச் சொல்கிறேன், உங்கள் மருத்துவர் சொல்வதுதான் உங்களுக்குப் பொருந்தும்.

ஒவ்வொரு முறை இறங்கும்போதும் முதல் ஒரு வாரம், பத்து நாள் உடம்பு முனகும். தொடை, தோள், முதுகு என்று எங்கும் பரவலான வலி, சோம்பல், காரணமில்லாத எரிச்சல். என் கணவர் நாள்காட்டியைப் பார்த்தே "இன்று இறக்கிய நாளா" என்று கேட்பார். அது தானாக அடங்கிவிடும். நோய் திரும்பினால் அப்படி இருக்காது. குறிப்பிட்ட மூட்டுகள் வீங்கும், தொட்டால் சூடாக இருக்கும், காலை விறைப்பு அரை மணி, ஒரு மணி என்று நீளும், நாள் போகப் போக அதிகமாகும். சந்தேகம் வந்தால் ரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி. கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். எனக்கு இரண்டு முறை அப்படிக் குழம்பியது. ஒரு முறை வெறும் இறக்க வலி. இன்னொரு முறை உண்மையிலேயே இடது முழங்கால் வீங்கியது, ஒரு படி மேலேறி இரண்டு மாதம் நின்றேன்.

நோட்டில் தினமும் மூன்றே விஷயம் எழுதினேன்: காலை விறைப்பு எத்தனை நிமிடம், எத்தனை மூட்டு வீக்கம், அன்றைய அசதி பத்துக்கு எத்தனை. வலியை எழுதவில்லை. வலி மனநிலைக்கு ஏற்ப மாறும். நிமிடம் மாறாது.

3 மி.கி.க்குக் கீழே ஒரு மில்லிகிராம்கூட எனக்குப் பெரிய படியாக இருந்தது. மருத்துவர் ஒரு நாள் 3, மறுநாள் 2 என்று இரண்டு வாரம் போகச் சொல்லி, பிறகு தினமும் 2 ஆக்கினார். எல்லாவற்றையும் காலையிலேயே எடுக்க வேண்டும். உடல் கார்டிசால் சுரப்பதும் விடியற்காலைப் பக்கம்தான், சுரப்பி எழுந்துகொள்ள அது உதவும் என்றார்.

அம்மாவின்மகன்:
ஒரு சந்தேகம். என் அம்மாவுக்குப் பிரட்னிசோலோன் இல்லை, டெஃப்ளாசகார்ட் 6. அதோடு எலும்புக்காக ஆறு மாதத்துக்கு ஒரு முறை டெனோசுமாப் ஊசி. டெஃப்ளாசகார்ட் மென்மையான ஸ்டீராய்டு, அப்படியே விட்டுவிடலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். மூட்டு இப்போது நன்றாக இருப்பதால் எலும்பு ஊசியையும் விடலாமா என்று அம்மா கேட்கிறார்.

மருந்துச்சீட்டு:
டெஃப்ளாசகார்ட் 6 மி.கி. என்பது பிரட்னிசோலோன் 5 மி.கி.க்குச் சமம். மெத்தில்பிரட்னிசோலோன் என்றால் 4. டெக்ஸாமெத்தசோன் என்றால் முக்கால் மில்லிகிராமே போதும். பெயர் மாறினாலும் சுரப்பியைத் தூங்க வைப்பதில் எல்லாம் ஒரே குடும்பம். மூட்டுக்குள் அடிக்கடி போடும் ஸ்டீராய்டு ஊசியும், அதிக அளவு இன்ஹேலரும்கூட அந்தக் கணக்கில் சேரும். அம்மாவுக்கு இரண்டும் உண்டா என்று பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

டெனோசுமாப் விஷயம் இந்த இழையிலேயே முக்கியமானதாக இருக்கலாம். ஊசியைத் தள்ளிப்போட்டாலோ விட்டாலோ, அதுவரை அடங்கியிருந்த எலும்புச் சிதைவு முன்பைவிட வேகமாகத் திரும்பும். முதுகெலும்பில் ஒன்றுக்கு மேற்பட்ட முறிவுகள் வருவது தெரிந்த விஷயம். நிறுத்த வேண்டும் என்றால் அதன் இடத்தில் வேறு எலும்பு மருந்து ஒன்றை ஆரம்பித்துத்தான் நிறுத்துவார்கள். மூட்டு நன்றாக இருப்பதற்கும் அந்த ஊசிக்கும் சம்பந்தமே இல்லை. அம்மாவிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

நூலகவாசி:
எண்கள் வேண்டுமென்றால் கொஞ்சம் தருகிறேன். நோயாளிதான், ஆனால் ஆய்வுக் கட்டுரை வாசிக்கும் கெட்ட பழக்கம் உண்டு.

2020-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த செமிரா ஆய்வு, செம்பருத்தியின் நிலைக்கு நெருக்கமானது. நோய் அடங்கியவர்கள், தினமும் 5 மி.கி. எடுப்பவர்கள், 259 பேர். அனைவருமே நோயை அடக்கும் டோசிலிசுமாப் ஊசியும் எடுத்தவர்கள் என்பதை மறக்க வேண்டாம். ஒரு பாதிக்கு 5 தொடர்ந்தது. மறு பாதிக்கு நான்கு வாரத்துக்கு 1 மி.கி. வீதம் இறக்கிப் பூஜ்யம். யார் எந்தப் பக்கம் என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. நோய் அடங்கியே இருந்து, திரும்பவும் கிளம்பாமல், சுரப்பிச் சிக்கலும் இல்லாமல் 24 வாரம் கடந்தவர்கள் தொடர்ந்தவர்களில் 77 சதவீதம், இறக்கியவர்களில் 65 சதவீதம். இறக்கியவர்களில் மூன்றில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். முறையாக இறக்கிய அந்த ஆய்வில் அட்ரினல் செயலிழப்பு யாருக்கும் வரவில்லை. ஆறு நாளில் செம்பருத்திக்கு நடந்ததை இதோடு வைத்துப் பாருங்கள்.

மெத்தோட்ரெக்ஸேட் போன்றவற்றைக் குறைப்பதற்கு 2021-இல் நார்வேயிலிருந்து ஆர்க்டிக் ரிவைண்ட் என்ற ஆய்வு வந்தது. குறைந்தது ஒரு வருடம் நோய் முழுதாக அடங்கியவர்களில், அளவைப் பாதியாக்கியவர்களில் 25 சதவீதத்தினருக்கு ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது. அதே அளவில் தொடர்ந்தவர்களில் 6 சதவீதம்.

கைத்தடி:
அப்படியானால் நான்கில் மூன்று பேர் பாதி அளவில் நன்றாக இருந்திருக்கிறார்கள். எனக்கு இது நல்ல செய்தியாகத்தான் தெரிகிறது.

பழையமூட்டு:
நீளாத இரண்டு விரல்களோடு பார்க்கிறவனுக்கு அது நான்கில் ஒருவர் என்றுதான் தெரிகிறது அம்மா. 6 எங்கே, 25 எங்கே.

கைத்தடி:
அண்ணா, நீங்கள் மருத்துவரிடம் சொல்லாமல் விட்டீர்கள், இரண்டு மாதம் சுளுக்கு என்று காத்திருந்தீர்கள். ஆய்வில் இருந்தவர்களை அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருந்தார்கள். திரும்பினால் உடனே பழைய அளவு. இரண்டும் ஒன்றா?

பழையமூட்டு:
அது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் கல்லீரல் பரிசோதனை சரியாக இருந்து, குமட்டல் பெரிதாக இல்லாதவர் வாரத்துக்கு ஒரு நாள் மருந்தை எதற்காகக் குறைக்க வேண்டும்? ஸ்டீராய்டை விடுவதற்குக் காரணம் இருக்கிறது: எலும்பு, சர்க்கரை, கண்புரை, தொற்று. மெத்தோட்ரெக்ஸேட்டை விடுவதற்கு "பெட்டியைப் பார்த்தால் எரிச்சல்" என்பதைத் தவிர வேறு காரணம் வேண்டும்.

நூலகவாசி:
அமெரிக்க வாதநோய்க் கல்லூரியின் 2021 வழிகாட்டுதலும் கிட்டத்தட்ட அண்ணா பக்கம்தான். நோய் குறைந்தது ஆறு மாதம் அடங்கியிருக்க வேண்டும். அப்போதும் அதே அளவில் தொடர்வதற்கே முதலிடம். அடுத்தது அளவைக் குறைப்பது. அதற்கும் கீழே, படிப்படியாக நிறுத்துவது. ஒரேயடியாக விடுவது கடைசி இடம். ஐரோப்பிய வழிகாட்டுதலில் ஸ்டீராய்டு முழுதாகப் போன பிறகும் நோய் தொடர்ந்து அடங்கியிருந்தால் மற்றதைக் குறைக்க யோசிக்கலாம் என்று இருக்கிறது.

யாருக்குத் திரும்பும் என்று முன்பே சொல்ல முடியுமா என்றால், கொஞ்சம் முடியும். ஆன்டி சி.சி.பி. (இந்த நோயைக் கண்டறியப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவாக இருப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். செம்பருத்தி, உங்களுக்கு எப்படி?

செம்பருத்தி:
பாசிட்டிவ். நன்றாகவே பாசிட்டிவ். சரி, மெத்தோட்ரெக்ஸேட்டை இப்போதைக்கு யாரும் தொட மாட்டோம்.

மழைத்துளி29:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். எனக்கு 29 வயது. ஒரு வருடத்தில் குழந்தைக்கு முயற்சி செய்ய நினைக்கிறோம். மூட்டுக்கு மெத்தோட்ரெக்ஸேட்டும் லெஃப்ளுனோமைடும் இரண்டுமே போகின்றன. எனக்கு இது குறைப்பதா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை, நிறுத்தித்தான் ஆக வேண்டும். எவ்வளவு முன்னாடி?

மருந்துச்சீட்டு:
இரண்டுமே கருவுக்குக் கேடு செய்பவை. மெத்தோட்ரெக்ஸேட்டை ஒன்றிலிருந்து மூன்று மாதம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். லெஃப்ளுனோமைடு பிடிவாதக்கார மருந்து. பித்தத்தோடு குடலுக்குப் போய், அங்கிருந்து மறுபடி ரத்தத்துக்கு வந்து சுற்றிக்கொண்டே இருக்கும். தானாக வெளியேற இரண்டு வருடம் வரைகூட ஆகலாம். அதனால் கொலஸ்டைரமின் என்ற தூளை 11 நாள் கொடுத்துக் கழுவி எடுப்பார்கள். பிறகு ரத்தத்தில் அளவு பார்த்த பின்தான் முயற்சி. அதுவரை கருத்தடை கட்டாயம். காலி இடத்தை அப்படியே விட மாட்டார்கள். கர்ப்ப காலத்தில் பாதுகாப்பான ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் போன்றவற்றுக்கு மாற்றி, நோய் அடங்கியிருக்கிறதா என்று சில மாதம் பார்ப்பார்கள். ஒரு வருடம் முன்னாடியே கேட்டது நல்லது. இந்த வாரமே மருத்துவரிடம் பேசுங்கள்.

மழைத்துளி29:
இரண்டு வருடமா! யாரும் சொல்லவே இல்லை. நன்றி அண்ணா.

மருந்துச்சீட்டு:
அக்கா. பெயரை வைத்து எல்லோரும் அண்ணா என்றே கூப்பிடுகிறார்கள், பழகிவிட்டது.

செம்பருத்தி:
ஐந்து மாதம் கழித்து வருகிறேன். இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும்.

மாதம் ஒன்று என்று 5, 4, 3 வரை பிரச்சினை இல்லை. கைத்தடி அக்கா சொன்ன அதே பத்து நாள் முனகல். நோட்டு இருந்ததால் பயப்படவில்லை. காலை விறைப்பு எட்டு நிமிடத்தைத் தாண்டவே இல்லை.

3-இல் இருக்கும்போது காய்ச்சல் வந்தது, 101-க்கு மேல். முன்பே சொல்லி வைத்திருந்தார்கள்: காய்ச்சல் இருக்கும் நாட்களில் ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டும், தூங்கும் சுரப்பியால் அந்த நேரத்துத் தேவையைக் கொடுக்க முடியாது என்று. மருத்துவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். மூன்று நாள் அதிக அளவு எடுத்துவிட்டு நேராக 3-க்கே வந்தேன். ஏறியதிலிருந்து மறுபடி படிப்படியாக இறங்க வேண்டும் என்று நினைத்திருந்தேன், குறுகிய நாள் என்பதால் தேவையில்லை என்றார். மெத்தோட்ரெக்ஸேட்டை அந்த ஒரு வாரம் விடச் சொன்னார். பணப்பையில் "ஸ்டீராய்டு எடுப்பவர், திடீரென நிறுத்தக் கூடாது" என்று எழுதிய அட்டை இப்போது எப்போதும் இருக்கிறது.

2-க்கு இறங்கி மூன்று வாரத்தில் இரண்டு விரல் முட்டி வீங்கின. இந்த முறை உண்மையான வீக்கம், விறைப்பு நாற்பது நிமிடம். முன்பு போல் அழவில்லை. நோட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். 3-க்கே திரும்பினேன். மெத்தோட்ரெக்ஸேட்டை 15-லிருந்து 20 ஆக்கியிருக்கிறார். குறைக்க வந்தவளுக்கு ஒன்று கூடியிருக்கிறது. முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கொஞ்சம் கோபம். அவர் சொன்ன விளக்கம்: ஸ்டீராய்டு சுமந்துகொண்டிருந்த வேலையை யாராவது சுமக்க வேண்டும், எலும்பைத் தின்னாதவர் சுமக்கட்டும்.

கைத்தடி:
விரல் இப்போது எப்படி?

செம்பருத்தி:
வடிந்துவிட்டது. மூன்று மாதம் 3-இலேயே நின்று, பிறகு அரை அரை மில்லிகிராமாகப் பார்க்கலாம் என்கிறார். 2-க்கு வந்ததும் காலை எட்டு மணிக்குக் கார்டிசால் பரிசோதனை. அன்று மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டுமாம்.

மருந்துச்சீட்டு:
ஆமாம், பிரட்னிசோலோன் அந்தப் பரிசோதனையில் கார்டிசால் மாதிரியே வேடம் போடும், அதனால்தான். டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி எழுந்துவிட்டது என்று நம்பலாம். 5-க்குக் கீழே என்றால் இன்னும் தூக்கம், அதே அளவில் தொடர்ந்து சில மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். நடுவில் வந்தால் சிலருக்குத் தூண்டிப் பார்க்கும் ஊசிப் பரிசோதனை உண்டு.

பழையமூட்டு:
எனக்கும் ஒரு நோட்டு வாங்கிவிட்டேன். நிறுத்துவதற்கு இல்லை, நிமிடம் எழுதுவதற்கு. இன்று 12.

வேர்வழி:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பொடியை எடுத்துக்கொண்டு போனேன். என் ரத்தத்தில் காலைக் கார்டிசால் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சர்க்கரை எல்லையைத் தாண்டியிருக்கிறது. இப்போது பிரட்னிசோலோன் மாத்திரையில் இருக்கிறேன், அதிலிருந்து இறங்க வேண்டும். கைத்தடி அவர்களே, அந்த நோட்டில் மூன்று விஷயம் எழுதுவீர்களே, அசதிக்குப் பத்துக்கு எத்தனை என்பதை எப்படி முடிவு செய்வீர்கள்?

கைத்தடி:
படிக்கட்டு ஏறிப் பாருங்கள். தினமும் அதே படிக்கட்டு, அதே நேரம். பாதியில் நின்றால் ஏழு.